உடற்கல்விப் பட்டத்துக்குச் சில திருத்தங்கள்

உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமானால் பி.பி.எட். படிக்க வேண்டும். முன்பு அது ஒரு வருடப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் விதிகளை மாற்றியபின் இரண்டு வருடமாகிவிட்டது. ஒரு வருடத்துக்குள் அடங்காத அளவு விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். இருக்கத்தான் இருக்கிறது. உடற்கூறியல், உடலியங்கியல், எந்தத் தசை எந்த எலும்பை எப்போது இழுக்கிறது என்று சொல்லும் கினிசியாலஜி, விளையாட்டு உளவியல், காயங்களுக்கு முதலுதவி, யோகா, அளவீடும் மதிப்பீடும், நடுவர் பணி. போதாததற்குப் பள்ளிகளுக்குப் போய்க் கற்பித்தல் பயிற்சி, தலைமைப் பண்புக்கு ஒரு முகாம். சேர்க்கும்போதே உடல்திறனைச் சோதித்து, விளையாட்டுச் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். மற்ற ஆசிரியர் படிப்புகளுக்கு யாரையும் ஓடச் சொல்வதில்லை. உட்காரத் தெரிந்தால் போதும்.

இவ்வளவையும் படித்துவிட்டு வருகிறவருக்கு நம் பள்ளிக்கூடங்கள் வைத்திருக்கும் வேலையைப் பார்த்தால், பாடத்திட்டம் எழுதியவர்கள் எந்தப் பள்ளி வாசலையும் மிதித்ததில்லை என்றே தோன்றுகிறது. படிக்கிற பிள்ளைகளின் இரண்டு வருடம் வீணாகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் சில திருத்தங்களைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

உடற்கூறியலைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் 'பாடவேளைக் கடன்: கோட்பாடும் செயல்முறையும்' என்ற தாளை வைக்கலாம். பி.டி. பீரியடை யாருக்கு, எந்த மாதத்தில், எந்த முகத்தோடு விட்டுக்கொடுப்பது என்பதே பாடம். ஜூலையில் கணக்கு வாத்தியார் வந்து, "சார், இன்னைக்கு ஒரு பீரியட் மட்டும், போர்ஷன் முடியல" என்பார். சிரிக்க வேண்டும். ஆகஸ்டில் அறிவியல் டீச்சர் கேட்கமாட்டார். நேராக வகுப்புக்குள் போய்விடுவார். அப்போதும் சிரிக்க வேண்டும். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பி.டி. என்பது கால அட்டவணையில் மட்டும் இருக்கும். "பப்ளிக் எக்ஸாம் எழுதுற பிள்ளைங்களுக்கு என்ன சார் விளையாட்டு?" என்று தலைமையாசிரியர் முடித்துவிடுவார். கைமாற்று வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர்கூட ஒரு நாள் சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார், வாங்கிய பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுத்த கணக்கு வாத்தியாரை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், சிலை வைப்போம்.

2023-இல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டார், கணக்குக்கும் அறிவியலுக்கும் பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று. எல்லோரும் ரசித்தோம். ரசித்ததோடு சரி. அட்டவணை போட்டதும் அரசுப் பள்ளி, சம்பளம் கொடுப்பதும் அரசு. அந்த அட்டவணையில் உள்ள ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அமைச்சரே வேண்டிக் கேட்க வேண்டியிருக்கிறது, ஒருவருக்கும் உறைக்கவில்லை. கணக்குப் பீரியடை ஒரு வாரம் தொடர்ந்து கபடிக்கு எடுத்துக்கொண்டு பாருங்கள். மறுநாள் காலையில் பெற்றோர் வாசலில் நிற்பார்கள், மாலையில் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும்.

அடுத்து கினிசியாலஜி. எதற்கு அது? பையன் ஓடும்போது முழங்கால் எப்படி மடங்குகிறது என்பதைப் பார்க்க அவன் ஓட வேண்டுமே. அதற்குப் பதில் சிகையியல் வைக்கலாம். பாக்ஸ் கட்டிங் என்பது என்ன, ஒரு பக்கம் மட்டும் மழித்தால் அது எந்த வகைக் குற்றம், சட்டையை இன் பண்ணாதவனுக்கும் பெல்ட் போடாதவனுக்கும் எவ்வளவு நேரம் முட்டி. காலை எட்டே முக்காலிலிருந்து வாசல் கேட்டில் நின்று தாமதமாக வருகிறவர்களை வடிகட்டுவதும் இதே தாளின் செய்முறைத் தேர்வு. எந்த ஆசிரியருக்கும் அடங்காத பையனை எல்லோரும் "பி.டி. சார்கிட்ட அனுப்பு" என்கிறார்கள். அங்கே என்ன நடக்கும் என்பது அனுப்புகிறவருக்கும் தெரியும், போகிறவனுக்கும் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது. அதனால் என்ன? அடிக்காத நல்லவர்களாகப் பத்துப் பேர் இருப்பதற்காக, அடிக்கிற ஒருவரைப் பள்ளிக்கூடம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறது. விஷயம் காவல் நிலையம் வரை போனால் அந்தப் பத்துப் பேரும், "அவர் கொஞ்சம் கோபக்காரர்தான்" என்று சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

பிரம்பை விரும்பிக் கையில் வாங்கிக்கொண்ட பி.டி. வாத்தியார்களும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை. அவர்கள் செய்த பெரிய கெடுதல் அடி அல்ல, ஓட்டத்தைத் தண்டனையாக்கியது. வீட்டுப்பாடம் எழுதாதவன் கிரவுண்டைப் பத்துச் சுற்று ஓடு. பேசியவள் ஐம்பது தோப்புக்கரணம் போடு. ஒரு பிள்ளை பன்னிரண்டு வருடப் பள்ளி வாழ்க்கையில் ஓடியதெல்லாம் தப்புச் செய்தபோது மட்டும்தான் என்றால், நாற்பது வயதில் சர்க்கரை நோய் மருத்துவர் "தினமும் நடங்க" என்று சொல்லும்போது அதை அவர் தண்டனையாகத்தானே எடுத்துக்கொள்வார்? நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. சொன்ன அன்று செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் அதிர்ச்சி அடைந்தன. ஐந்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடல் உழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் போர்ஷன் முடிக்கக் கொடுத்துவிட்டோம்.

கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடித்து, அதை அவிழ்க்கச் சொல்லும் வேலையும் பல ஊர்களில் பி.டி. வாத்தியார் தலையில்தான் விழுகிறது. நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியபின் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. கயிற்றுக்குத் தடை போடச் சொல்லி அந்தக் குழுவும் பரிந்துரைத்தது. சரிதான். ஆனால் நான்கு தெருப் பிள்ளைகளும் ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்து, ஒருவன் வியர்வை ஒருவன்மேல் பட்டு, ஒரே அணியாக மூச்சுப் பிடிக்கிற இடம் பள்ளிக்கூடத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது கபடிக் களம். அதைப் பூட்டிவைத்துவிட்டு, கயிற்றை அறுக்கக் கத்திரிக்கோலோடு பி.டி. வாத்தியாரை வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

'உடல்நலக் கல்வி' என்று இந்தப் படிப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது. அது எங்கே போனது என்று தேடினேன். வியாழக்கிழமைகளில் கொஞ்சம் தென்படுகிறது; அன்றைக்குத்தான் பள்ளிகளில் இரும்புச்சத்து மாத்திரை. ஒரு மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர், பதிவேட்டில் ஒரு டிக். எதற்கு இந்த மாத்திரை என்று எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டால், "தெரியல சார், குடுத்தாங்க" என்பாள். தமிழ்நாட்டில் பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. திங்கட்கிழமை அசெம்ப்ளியில் தலைமையாசிரியர் ஒழுக்கத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசும்போது வெயிலில் மயங்கி விழுகிறவர்கள் அந்தப் பாதியைச் சேர்ந்தவர்கள். ரத்தசோகையைப் பற்றியும் மாதவிடாயைப் பற்றியும் பேசத் தெரிந்த, பேசுவதற்கென்றே படித்த ஓர் ஆள் அதே மைதானத்தில் நிற்கிறார். அவருக்கு அப்போது இடப்பட்டிருக்கும் பணி, மைக் செட் கரகரக்காமல் பார்த்துக்கொள்வது.

மத்திய பாடத்திட்டப் பள்ளிகள் நம்மைவிட முன்னேறியவை. அங்கே உடற்கல்வியை மைதானத்திலிருந்து காப்பாற்றிப் புத்தகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பதினொன்று, பன்னிரண்டில் அது விருப்பப் பாடம். கூடைப்பந்து ஆடுகளத்தின் நீள அகலத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் பந்தைத் தொட்டிருப்பார்கள் என்று கேட்பது அநாகரிகம். அந்தப் பாடத்துக்காகத் தனியார் பதிப்பகம் ஒன்று போட்ட பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில், 36-24-36 என்பதே பெண்ணுக்குச் சிறந்த உடல் அளவு என்று அச்சிட்டிருந்தது 2017-இல் வெளியே வந்தது. எங்கள் பரிந்துரையில் இல்லாத புத்தகம் என்றது சி.பி.எஸ்.இ. வாரியம். அதுவரை அதைப் பாடமாக நடத்திய பள்ளிகளில் ஒரு பெரியவர்கூட இதைப் படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. உடற்கல்விப் புத்தகத்தை யார் சார் படிப்பார்கள்? அடுத்த ஆண்டே அதே வாரியம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை தினமும் ஒரு பாடவேளை உடற்கல்விக்கு என்று கட்டாயமாக்கியது. கட்டாயம் என்று காகிதத்தில் எழுதிவிட்டால், அதை நிரப்ப வேண்டியதும் காகிதத்தில்தானே.

இப்போது சம்பளப் பாடம். இதில் கிண்டல் செய்ய முயன்றேன். சட்டமே என்னை முந்திக்கொண்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும். ஓவியத்துக்கும், உடல்நலம் உடற்கல்விக்கும், தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் போதும். நாடாளுமன்றமே உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு: பிள்ளைக்கு மூளை முழு நேரம், உடம்பு பகுதி நேரம். நூறுக்குக் கீழே இருந்தால் அந்தப் பகுதியும் கிடையாது.

அந்த வழியில்தான் தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பேரைப் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களாக எடுத்தார்கள். உடற்கல்வி ஆசிரியர்களும் அதில் உண்டு. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு 7,000. பிறகு 7,700. 2021-இல் 10,000. மே மாதம் பள்ளி இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை என்றார்கள்; அந்த மாதம் இவர்கள் குடும்பங்களுக்குப் பசியும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் என்று நிதித்துறை நம்பியது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. இவர்களை நிரந்தரமாக்குவதாக வாக்களித்தது. 181-ஆம் வாக்குறுதி என்று எண்ணைச் சொல்லித்தான் இன்றும் கேட்கிறார்கள். 2023-இல் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள், போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. பதிலாகக் கிடைத்தது 2,500 ரூபாய் உயர்வு: 12,500. அமைச்சர் மாறினார், ஆட்சி மாறியது, வேலைக்குச் சேர்ந்தபோது இளைஞர்களாக இருந்தவர்களின் தலை நரைத்தது. பகுதி நேரம் மட்டும் நிரந்தரமாக இருக்கிறது.

நிரந்தர வேலைக்கு வழி இல்லையா? இருக்கிறதே. ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-இல் சிறப்பாசிரியர் தேர்வு நடத்தியது. உடற்கல்விக்கு 663 இடம். தேர்வு ஒரு நாளில் முடிந்தது. அதன்பின் வழக்கு, பட்டியல், மறுபடி வழக்கு என்று இழுத்தது. நூறு மீட்டரைப் பதினோரு நொடியில் ஓடிய கால்கள் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்க எடுத்துக்கொண்டது வருடக் கணக்கு.

சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது 1920-இல். ஆசியாவில் இந்தப் படிப்புக்கு அதுதான் முன்னோடி. தொடங்கிய ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர். இந்தப் படிப்புக்கென்று மேலக்கோட்டையூரில் தனிப் பல்கலைக்கழகமே நடத்துகிறோம். நூறு வருடமாக ஆசிரியர்களை உருவாக்கத் தெரிந்த ஊருக்கு, அவர்களை மைதானத்தில் இறக்கிவிட மட்டும் தெரியவில்லை.

அதே பாரிஸில் 2024-இல் இந்தியாவுக்குக் கிடைத்தது ஆறு பதக்கம், தங்கம் இல்லை. "நூற்று நாற்பது கோடிப் பேர் இருந்தும்..." என்று அன்று இரவு தொலைக்காட்சியில் உச்சுக்கொட்டிய பெரியவர்களை நான் அறிவேன். மகள் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானபோது, "வெயில்ல கறுத்துப் போயிடுவே, டியூஷன் வேற போயிடும்" என்று கையெழுத்துப் போட மறுத்தவர்கள் அவர்கள்தான். குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் பஸ் காசைத் தன் பகுதிநேரச் சம்பளத்திலிருந்து எடுக்கும் வாத்தியாரைப் பற்றி எந்த விவாத மேடையிலும் பேச்சில்லை. பந்து தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று பயந்து, வாங்கிய பந்தை உறை பிரிக்காமல் அறையில் வைத்துப் பூட்டியிருக்கும் தலைமையாசிரியரைப் பற்றியும் இல்லை.

இந்த வருடம் பி.பி.எட். சேரப் போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் ஓடி முடித்து, தேர்ச்சி பெற்றுத்தான் வருகிறார்கள். பெற்றோருக்குத்தான் ஒரு வார்த்தை. இன்றைக்கு இரவு பிள்ளையின் நோட்டில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பி.டி. என்று எழுதியிருக்கும் கட்டத்தைக் காட்டி, போன வாரம் அந்த நேரத்தில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். "கணக்கு" என்று பதில் வந்தால் நாளைக் காலையில் பள்ளிக்குப் போங்கள். இரண்டு மார்க் குறைந்ததற்குப் போன மாதம் போட்டீர்களே ஒரு சண்டை, அதில் பாதியாவது இதற்குப் போடுங்கள்.