அந்த ‘ஹி’ யாருலே?

மொட்டைத் தாத்தா குட்டையில விழுந்தார்னு எவனாவது சொன்னா, எந்தத் தாத்தா, எந்தக் குட்டைன்னு உடனே கேக்கத் தெரிஞ்ச பய நீ. அதே கேள்விய இங்கிலீஷ்ல கேக்கச் சொன்னா மட்டும் ஏம்லே பேராண்டி இந்த முழி முழிக்கே? வங்கிப் பரீட்சைக்குப் படிக்கேன்னு மேசை நிறைய புத்தகம். ரென் அண்ட் மார்ட்டின் ஒண்ணு, கோச்சிங் சென்டர்ல குடுத்த தடி நோட்டு ஒண்ணு. புரோநவுனாம், ஆன்ட்டிசிடன்டாம். மூணு கலர்ல அடிக்கோடு வேற. தாத்தன் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து பென்ஷன் வாங்குதவன்ங்கிறது மறந்து போச்சாக்கும்?

பெரிய வித்தை ஒண்ணும் இல்லடே. ஹி, ஷி, இட், தேன்னு ஒரு சொல்லு வந்தா அது யாரைச் சொல்லுதுன்னு தேடு. அகப்படுத பேருதான் ஆன்ட்டிசிடன்ட். ஒரு ஆளுன்னா ஒருமை, பல பேருன்னா பன்மை. மந்தையில விட்ட கன்னுக்குட்டி தாயைத் தேடிப் போவுதுல்லா, அம்புட்டுதான்.

உங்க கோச்சிங் மாஸ்டர் ஒரு குறுக்கு வழி சொல்லியிருப்பாரே? பக்கத்துல எந்தப் பேரு நிக்கோ அதையே பிடிச்சுக்கோன்னு? பக்கத்துல நிக்குதுங்கிறதுக்காக எந்தக் கன்னாவது அடுத்தவன் பசு மடியில போய் முட்டுமா?

1972-ல அமெரிக்காவுல டெரி வினோகிராட்னு ஒருத்தரு. கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் புரிய வைக்கப் பாடுபட்டவரு. அவரு ஒரு வாக்கியம் போட்டாரு. நகரசபைக்காரங்க போராட்டக்காரங்களுக்கு அனுமதி குடுக்கல, ஏன்னா அவங்க வன்முறைக்குப் பயந்தாங்க. பயந்தது யாரு? நகரசபை. இப்ப அந்த ‘பயந்தாங்க’ங்கிற ஒரு சொல்லை மட்டும் மாத்து. ஏன்னா அவங்க வன்முறை வேணும்னு பேசினாங்க. இப்ப யாரு? போராட்டக்காரங்க. இங்கிலீஷ் வாக்கியத்துல ‘தே’ நின்ன இடத்துலயேதான் நிக்கு. இலக்கணமும் அப்படியே இருக்கு. ஊருல கலகம் வந்தா எவன் நடுங்குவான், எவன் துள்ளுவான்னு உனக்குத் தெரியும், அதனால புரிஞ்சுது. இது எந்த நோட்டுல இருக்கு, காட்டு பாப்போம்?

இந்த மாதிரிக் கேள்வியா அடுக்கி 2016-ல நியூயார்க்ல கம்ப்யூட்டர்களுக்குன்னே ஒரு பரீட்சை வச்சாங்க. முதல்ல வந்தது எடுத்த மார்க்கு 100-க்கு 58. பெரிய பரிசுன்னு வச்சிருந்த 25,000 டாலர் யாருக்கும் போகல. 2019 வாக்குலதான் மிஷினு 90-ஐ எட்டிப் பிடிச்சுது. டீக்கடை பெஞ்சுல உக்காந்து அடுத்த வீட்டு வம்பு கேக்குத கிழவன் எந்த ‘அவன்’ எந்த அவன்னு ஒரு தடவையாவது தடுமாறியிருக்கானா?

இதைவிடக் கூத்து ஒண்ணு சொல்லுதேன். அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு பிஎஸ்ஏடின்னு ஒரு பரீட்சை. 2002 அக்டோபர்ல ஒரு கேள்வி. எழுத்தாளர் டோனி மாரிசன் தெரியும்லா? 1993-ல நோபல் வாங்கினாங்களே, அந்த அம்மாதான். டோனி மாரிசனோட மேதைமை, கருப்பின மக்கள் பட்ட அநியாயத்தைச் சொல்லுத நாவல்களைப் படைக்க அவங்களுக்குக் கை குடுக்குதுன்னு ஒரு வாக்கியம். இதுல பிழை இருக்கான்னு கேட்டிருந்தான். பிழை இல்லைங்கிறதுதான் காலேஜ் போர்டு வச்சிருந்த விடை.

மேரிலாண்டுல இருந்து ஒரு வாத்தியாரு கிளம்பிட்டாரு. பிழை இருக்குன்னு ஒரே பிடி. என்ன பிழை? ‘டோனி மாரிசன்ஸ்’னு கடைசியில ஒரு ‘ஸ்’ ஒட்டியிருக்குல்லா? அது ஒட்டினதும் பேரு பெயரடை மாதிரி ஆயிருதாம். பெயரடைக்கு ஆன்ட்டிசிடன்டா இருக்க யோக்கியதை கிடையாதாம். அப்போ பின்னால வாற ‘ஹெர்’ தாயில்லாப் பிள்ளையாம். சில பழைய இலக்கணப் புத்தகத்துல அப்படி ஒரு விதி இருக்கத்தான் செய்யுது. காலேஜ் போர்டு முதல்ல ஒத்துக்கல. மாசக்கணக்குல கடுதாசி போச்சு, வந்துச்சு. பொறவு நிபுணர்களை உக்கார வச்சு ஆராஞ்சு, 2003-ல அந்தக் கேள்வியவே தூக்கிட்டு மார்க்கைத் திரும்பக் கூட்டினாங்க.

நான் ஒண்ணு கேக்கேன். அந்த வாக்கியத்தைப் படிச்சவன்ல ஒருத்தனுக்காவது ‘ஹெர்’ யாருன்னு குழம்புச்சா? அதுல வேற பொம்பளையே கிடையாதேடே! இந்த விதியக் கட்டிக்கிட்டு அழுதா, ‘மேரிஸ் ஃபாதர் லவ்ஸ் ஹெர்’னு சொல்லுதது கூடக் குத்தம். பெத்த அப்பன் பிள்ளை மேல பாசம் வைக்கதுக்கு இலக்கணக்காரன்ட்ட அனுமதிச்சீட்டு வாங்கணுமோ?

அடுத்தது ‘எவ்ரிஒன்’. எவ்ரிஒன் வந்தா ‘ஹிஸ்’தான் போடணும், ‘தேர்’ போட்டா தப்புன்னு எங்க காலத்துல பிரம்பை ஓங்குவாங்க. வகுப்புல பாதி பொண்ணுங்க இருந்தாலும் ‘ஹிஸ்’தான். 1850-ல பிரிட்டிஷ் பார்லிமென்ட்டு இதைச் சட்டமாவே போட்டுது. சட்டத்துல ஆம்பளையச் சொன்னா பொம்பளையும் அதுல அடக்கம். நல்ல அடக்கம்தான் போ. தண்டனைன்னா அடக்கம். ‘எங்களுக்கும் ஓட்டு உண்டுல்லா’ன்னு பொம்பளைங்க கேட்டு வந்தப்போ, 1868-ல கோர்ட்டு அதுக்கெல்லாம் அடக்கம் இல்லைன்னுட்டுது.

ஒரு ஆளுக்கு ‘தே’ போடுதது ஏதோ நேத்து முளைச்ச காளான்னு துள்ளுதானுவ. பதினாலாம் நூற்றாண்டுலயே இருக்குடே. ஷேக்ஸ்பியர் எழுதியிருக்காரு, ஜேன் ஆஸ்டின் எழுதியிருக்காங்க. இதுக்குப் பதிலா 1884-ல அமெரிக்காக்காரர் ஒருத்தர் ‘தான்’னு ஒரு புதுச் சொல்லைக் கொண்டாந்தாரு. 1934-ல வெப்ஸ்டர் அகராதியில ஏறி உக்காந்துது. ஒருத்தனும் சீந்தல. 1961-ல இறக்கி விட்டுட்டாங்க. 2019-ல அதே வெப்ஸ்டர்காரன் ‘தே’யைத்தான் வருசத்தோட சொல்லுன்னு தேர்ந்தெடுத்தான்.

நீ மட்டும் என்னவாம்? ‘அப்பத்தா வந்திருக்காங்க’ன்னுதானே சொல்லுதே? உனக்கு எத்தனை அப்பத்தா?

இப்ப உன் கதைக்கு வருவோம். நிஜமாவே குழப்புத இடத்துல மட்டும் உங்க கோச்சிங் ஆளுக வாயத் திறக்க மாட்டாங்க. ‘ஜான் டோல்ட் பீட்டர் தட் ஹிஸ் கௌ வாஸ் டெட்’. செத்தது எவன் மாடு? நம்ம பேச்சுல ‘தன் மாடு’ன்னா சொன்னவன் மாடுன்னு தீந்துது. இங்கிலீஷ்ல அந்த வசதி இல்ல. பேரைத்தான் திரும்பச் சொல்லணும். சொன்னா என்ன, பேரு தேஞ்சா போயிரும்?

ஆபீசுக் கடுதாசி எழுதுத துரைமாருக்கு அது கௌரவக் குறைச்சல். ‘அப்ளிகேஷனும் செக்கும் ரசீதும் கிடைச்சுது, கைன்ட்லி ரிட்டர்ன் த சேம்’னு எழுதுவான். எந்த ‘சேம்’? மூணுல எது? ரசீதைத் திருப்பி அனுப்பினா ‘செக்கைக் கேட்டேன்’ம்பான். பெயர்ச்சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு ‘த சேம்’ போட்டா படிச்சவன் ஆயிருவோம்னு ஒரு நெனப்பு. கோப்பு மூணு மாசம் அலையுது.

பரீட்சையில ‘எவ்ரிஒன்’ வந்தா ‘ஹிஸ்’சே போட்டுத் தொலை. மார்க்கு அவன் கையில இருக்கு, அங்க போய் ஷேக்ஸ்பியரைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. மத்தபடி, நேத்து மேனேஜருக்குன்னு ஒரு விண்ணப்பம் எழுதி என் கண்ணுல பட வச்சியே, அதுல நாலாவது வரியில ஒரு ‘தே’ நிக்கு. பேங்குக்காரங்களா, காலேஜ்காரங்களா, உங்க அப்பனும் அம்மையுமா? ஆளு பேரை எழுதிட்டுத் தபால்ல போடு.