மாண்புமிகு கோப்பு அவர்களின் மேலான கவனத்திற்கு

அனுப்புநர்: புனே பக்கம் போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தமிழன் ஒருவன்.
பெறுநர்: விருதுக் கோப்பு அவர்கள், மத்திய விளையாட்டு அமைச்சகம், புதுதில்லி.
பொருள்: முரளிகாந்த் பேட்கர் விஷயத்தில் தாங்கள் காட்டிய வேகத்தைப் பாராட்டுவது தொடர்பாக.

ஐயா,

அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். நிலையாக இருப்பவர் தாங்கள்தான் என்பதால் நேராகத் தங்களுக்கே எழுதுகிறேன்.

பேட்கர் எங்கள் பக்கத்து ஆள். பிறந்தது சாங்லி மாவட்டம் என்றாலும் டெல்கோவில், அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸில், வேலை பார்த்தவர். பிம்பரி டெல்கோ எங்கள் போசரிக்குக் கூப்பிடு தூரம். ராணுவத்தில் இருந்தபோது குத்துச்சண்டைக்காரர். 1965 போரில் குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. தண்ணீரில் இறங்கச் சொன்னது கோச் அல்ல, டாக்டர். அதாவது அது வைத்தியம். மனிதர் அந்த வைத்தியத்தையே பிடித்துக்கொண்டு 1972 ஆகஸ்டில் ஹைடெல்பெர்க் பாராலிம்பிக் வரை போய்விட்டார். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 37.33 வினாடி, உலக சாதனை, தங்கம். ஒலிம்பிக்கில் ஓர் இந்தியர் தனியாளாகத் தங்கம் வாங்க, துப்பாக்கி சுடும் அபினவ் பிந்த்ரா வரும் 2008 வரை நாடு காத்திருந்தது.

அந்தப் பாராலிம்பிக் மியூனிக்கில் நடந்திருக்க வேண்டியது. வீரர்கள் தங்கும் குடியிருப்பை ஒலிம்பிக் முடிந்த கையோடு வீடுகளாக மாற்ற வேண்டும் என்று சொல்லி, சக்கர நாற்காலிக்காரர்களை ஹைடெல்பெர்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். தங்களுக்கு ஜெர்மனியிலும் சொந்தபந்தம் உண்டு என்று அப்போதுதான் புரிந்தது. அதே மாதக் கடைசியில் தொடங்கிய மியூனிக் ஒலிம்பிக்கிலிருந்து நம் அணி மொத்தமும் சேர்ந்து கொண்டுவந்தது ஹாக்கி வெண்கலம் ஒன்றே ஒன்று.

1982-இல் பேட்கர் அர்ஜுனா விருதுக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆனால், எந்த இடத்தில் எத்தனை மைக்ரான் தப்பு என்று சிவப்புச் சீட்டில் எழுதிக் கட்டித் தொங்கவிடுவோம். பேட்கரிடம் எத்தனை மைக்ரான் குறைந்தது, ஐயா?

2018-இல் பத்மஸ்ரீ வந்தது. எங்கள் சேலத்து மாரியப்பன் 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்த ஜனவரியிலேயே பத்மஸ்ரீ. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தாத்தாவுக்கு முன்னால் பேரன் பந்தியில் உட்கார்ந்த கணக்காகிவிட்டது. பேட்கருடைய 37.33 வினாடி டில்லி வரை நீந்திக் கடக்க 45 வருடம் பிடித்திருக்கிறது.

அர்ஜுனா கதை இன்னும் அழகு. 2024 ஜூனில் பேட்கரின் கதையைச் சொல்லும் ‘சந்து சாம்பியன்’ படம் வெளிவந்தது. கார்த்திக் ஆர்யன் உடம்பை இளைக்கவைத்து பேட்கராக நடித்தார். 2025 ஜனவரியில் பேட்கருக்கு அர்ஜுனா, அதுவும் வாழ்நாள் பிரிவில். தங்கத்தால் முடியாததை டிக்கெட் கவுன்ட்டர் ஆறரை மாதத்தில் முடித்துவிட்டது. வாழ்நாள் முழுக்க இழுத்தடித்துவிட்டு அதற்கென்றே ஒரு பிரிவும் வைத்திருக்கிறீர்களே, அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது என் கோரிக்கை. எங்கள் லைனில் ஒரு பையன், ஒரு கால் சூம்பியவன். நீந்துகிறான். குளத்துப் படியில் ஊன்றுகோலைச் சாத்திவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இறங்குவான். தண்ணீருக்குள் போய்விட்டால் அவனுக்கும் மற்ற பையன்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் முதலில் நீச்சல் நேரத்தைக் குறைக்க வேண்டுமா, தன்னை மாதிரி ஜாடையுள்ள ஹீரோவைத் தேட வேண்டுமா? தகுதி விதிகளில் டைரக்டர் பெயர் எழுத ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் ஏழைக் குடும்பங்களுக்கு அலைச்சல் மிச்சம்.

பதிலுக்காகச் சுயமுகவரியிட்ட உறை இணைத்துள்ளேன். அர்ஜுனாவுக்குத் தாங்கள் எடுத்துக்கொண்ட 43 வருடக் கணக்குப்படி, பதிலும் 43 வருடம் கழித்துத்தான் வரும். அப்போது தபால் கட்டணம் எவ்வளவு என்று தெரியாததால் ஸ்டாம்ப் ஒட்டவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டாம் ஷிப்டுக்காரன்