24 மில்லிமீட்டரின் விலை: முகப்பட லென்ஸ் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஒரு முகத்தைப் படம் பிடிக்க எவ்வளவு அகலமான கண்ணாடி வேண்டும் என்ற வினாவை நம் பல்கலைக்கழகங்கள் இதுவரை தொட்டதாகத் தெரியவில்லை. தொல்காப்பியத்துக்கு இத்தனை உரைகள் இருக்க, 85 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஓர் உரைகூட இல்லாதது தமிழுக்கு நேர்ந்த குறை. கல்யாண மண்டபங்களில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களைக் கேட்டால் இதன் அவசரம் விளங்கும். அவர்களுக்குள் இது சைவ வைணவச் சண்டையைப் போல முற்றியது. ‘ஒன் பாயிண்ட் எயிட்டே போதும்’ என்பவர்கள் ஒரு பக்கம். ‘ஒன் பாயிண்ட் டூ இல்லாம பேக்ரவுண்ட் எப்படிண்ணே கரையும்’ என்பவர்கள் மறுபக்கம். முன்னவரைப் போதுமென்பார் என்றும் பின்னவரைக் கரைப்பார் என்றும் இவ்வாராய்ச்சி வழங்கும். வழக்கு குழம்பாமல் இருக்க, கேனான் நிறுவனத்தின் இரண்டு லென்ஸ்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். 1992-ல் வந்த 85 மி.மீ. எஃப் 1.8; எடை 425 கிராம். 2006-ல் இரண்டாம் பதிப்பாக வந்த 85 மி.மீ. எஃப் 1.2, எடை 1,025 கிராம். இரண்டும் கடையில் அருகருகே இருந்த காலத்தில் பின்னதன் விலை முன்னதைப் போல நாலைந்து மடங்கு. அந்தக் கூடுதல் பணத்துக்கும், கழுத்தில் தொங்கும் கூடுதல் 600 கிராமுக்கும் ஈடாக வாங்குபவர் கைக்கு வந்து சேர்வது என்ன என்பதே ஆராய்ச்சிப் பொருள்.

கண்ணாடியின் அகலத்துக்குப் போகுமுன் தூரத்தைப் பேசிவிட வேண்டும். 85 மி.மீ. லென்ஸ் முகத்தை அழகாகக் காட்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். முக வடிவத்தில் லென்ஸுக்கு ஒரு பங்கும் கிடையாது. கேமரா எங்கே நிற்கிறது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. தூரத்தில் பிடித்த கேமராவுக்கு, காது மூக்கைவிட 1.4 மடங்கு தள்ளியிருக்கிறது. மூக்கு அந்த அளவுக்குப் பெருத்து விழுகிறது. ஒன்றரை மீட்டருக்குப் பின்வாங்கினால் விகிதம் 1.08, மூக்கு தன் பழைய அளவுக்கு அடங்கிவிடுகிறது. செல்ஃபியைப் பார்த்துவிட்டு மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி வருபவர்கள் பெருகியதால் அமெரிக்க மருத்துவர்களே இதைக் கணக்கிட்டு, 12 அங்குலத் தூரத்துப் படத்தில் மூக்கு ஐந்தடித் தூரத்துப் படத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018-ல் வெளியிட்டார்கள். மேசைமேல் இருக்கும் வெப்கேமராவை நோக்கிக் கழுத்தை நீட்டி எடுத்துக்கொண்ட அடையாள அட்டைப் படங்களைப் பற்றி இனி யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை. அற்றேல், ஒன்றரை மீட்டரோடு ஏன் நிற்க வேண்டும், பத்து மீட்டர் போகலாமே எனின், அங்கிருந்து பேச முடியாது. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1966-ல் மனிதர்களுக்கு இடையேயான தூரத்தை வகுத்தபோது, 1.2 மீட்டர் வரை நெருங்கிய பழக்கத்துக்கும், அதற்கு மேல் 3.6 மீட்டர் வரை காரியப் பேச்சுக்கும் ஒதுக்கினார். (நம் டவுன் பஸ்ஸுக்கு இந்த அளவுகள் பொருந்தா.) தலையும் தோளும் சட்டத்தில் நிறைய, 85 மி.மீ. லென்ஸோடு ஒன்றரை மீட்டரில் நிற்கலாம்; 135 என்றால் ஏறத்தாழ 2.4 மீட்டர், 200 என்றால் மூன்றரை மீட்டர். நாதஸ்வரம் முழங்கும் மண்டபத்தில் மூன்றரை மீட்டருக்கு அப்பாலிருந்து ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்ல முடியாது, கத்தத்தான் முடியும். கத்தி வரவழைத்த சிரிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒவ்வொரு வீட்டு ஆல்பத்திலும் சான்று உண்டு. ஆக 85 முதல் 105 வரை என்பதில் போதுமென்பாருக்கும் கரைப்பாருக்கும் பிணக்கில்லை. பிணக்கெல்லாம் திறப்பில்.

முகப்பட லென்ஸுக்குப் பெரிய திறப்பு வந்த வரலாறே கரைப்பாருக்கு எதிரான முதல் சாட்சி. 1839-ல் டாகேரின் புகைப்பட முறை வெளியானபோது, படத்துக்கு அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெஃப் பெட்ஸ்வால் அடுத்த ஆண்டே எஃப் 3.6 திறப்புள்ள முகப்பட லென்ஸை வடிவமைத்துவிட்டார். அதற்கான கணக்குகளைப் போட அவருக்கு ஆஸ்திரிய பீரங்கிப் படையிலிருந்து ஆட்கள் தரப்பட்டார்கள்; குண்டு எங்கே விழும் என்று கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு ஒளி எங்கே விழும் என்று கணக்கிடுவது கடினமாக இருந்திராது. பெட்ஸ்வால் விரும்பியது வேகம் ஒன்றைத்தான். மூக்கைச் சொறிய நேர்வதற்குள் படம் முடிந்துவிட வேண்டும். ஓரங்களில் பின்னணி சுழன்று கலங்கியது அவர் லென்ஸின் குறை. அந்தக் குறைக்காகவே 2013-ல் லோமோகிராஃபி நிறுவனம் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, பெட்ஸ்வால் பெயரிலேயே 85 மி.மீ. எஃப் 2.2 லென்ஸ் ஒன்றைப் பித்தளையில் செய்து விற்றது. நம் ஊர் ஸ்டுடியோக்களின் வரலாறோ இன்னும் வெளிப்படையானது. அங்கே பின்னணி என்பது காசு கொடுத்து எழுதி வாங்கிய திரை: மாளிகைப் படிக்கட்டு, பூந்தொட்டி, தாஜ்மகால். அதில் ஒரு தூண் மங்கலாக விழுந்திருந்தால் குடும்பத் தலைவர் பணம் தந்திருக்கமாட்டார். தாத்தா காலத்தில் பின்னணிக்குப் பணம் கொடுத்தார்கள், பேரன் காலத்தில் பின்னணி இல்லாமல் இருக்கப் பணம் கொடுக்கிறார்கள். இடையில் மாறியது ரசனை. கண்ணாடியின் இயற்பியல் அப்படியே இருக்கிறது. அதைத்தான் இனி அளக்கப்போகிறோம்.

அப்பெர்ச்சர் எண் என்பது வெறும் வகுத்தல். 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47, 1.2-ஆல் வகுத்தால் 71. லென்ஸின் முன்னால் நின்று பார்த்தால் தெரியும் திறப்பின் விட்டம் அது, மில்லிமீட்டரில். வெகு தொலைவில் எரியும் தெருவிளக்கு ஒன்று முகத்துக்குப் பின்னால் ஒளிவட்டமாகக் கரையும்போது, அந்த வட்டத்தை முகம் இருக்கும் இடத்தில் வைத்து அளந்தால் திறப்பின் விட்டம் எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும். முகம் ஒரு மீட்டரில் இருந்தாலும் சரி, மூன்று மீட்டரில் இருந்தாலும் சரி. தமிழ் அளவையில் சொன்னால், எஃப் 1.2 மணப்பெண்ணின் கன்னத்துக்குப் பக்கத்தில் ஏறத்தாழ ஒரு முழு இட்லியை வைக்கிறது, எஃப் 1.8 மூன்றில் இரண்டு பங்கு இட்லியை வைக்கிறது. (படத்தின் ஓரங்களுக்குப் போகப் போக, லென்ஸ் குழாயின் விளிம்பு மறைப்பதால் இரண்டு இட்லியும் நசுங்கும், முழுத் திறப்பில் இது கூடுதல்.) இரண்டுக்கும் வேறுபாடு 24 மில்லிமீட்டர். இதுவும் விளக்கு தொடுவானத்தில் இருந்தால்தான். மேடையில் மணப்பெண் 2 மீட்டரில் நிற்க, பூ அலங்காரம் அவளுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். அப்போது கரைவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்: எஃப் 1.8-க்கு 16 மி.மீ., எஃப் 1.2-க்கு 24 மி.மீ. நாலைந்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய 24 மில்லிமீட்டரில் 16 மண்டபத்து வாசலிலேயே செருப்போடு நின்றுவிட, 8 மட்டும் உள்ளே வருகிறது. இனி மணப்பெண்ணை அலங்காரத்திலிருந்து இன்னொரு மீட்டர் முன்னால் வரச் செய்து, படக்காரரும் ஒரு மீட்டர் பின்னால் நகர்ந்தால், எஃப் 1.8-ன் கரைவு மூன்றில் ஒன்றிலிருந்து பாதியாக உயர்கிறது. 47-ல் பாதி ஏறத்தாழ 24. எஃப் 1.2 பழைய இடத்தில் கொடுத்ததும் அதே 24. ஆகவே ‘கொஞ்சம் முன்னாடி வாம்மா’ என்ற மூன்று சொற்களின் சந்தை மதிப்பு, அவ்விரண்டு லென்ஸ்களின் விலை வித்தியாசத்துக்குச் சரியாக ஒக்கும் என்பது இவ்வாராய்ச்சியின் தலையாய முடிபு.

இதனை மறுப்பார் கூறுவதாவது: கரைவு கிடக்கட்டும், மண்டபம் இருட்டு, எஃப் 1.2 வெளிச்சத்தை அதிகம் வாங்குமே. வாங்கும், 2.25 மடங்கு. இரு மடங்கு வெளிச்சத்தைக் குறிக்கும் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். எஃப் 1.2 வைத்திருப்பவர் ஐஎஸ்ஓ 1600-ல் எடுக்கும் படத்தை மற்றவர் 3600-ல் எடுக்க வேண்டும். பிலிம் காலத்தில் அது உயிர் போகிற விஷயம். இன்றைய சென்சாருக்கு அது விஷயமே இல்லை. மேலும் அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று பார்க்க வேண்டும். 2 மீட்டரில், ஃபுல் ஃபிரேம் கேமராவில், எஃப் 1.2-ன் கூர்மை ஆழம் சுமார் 4 செ.மீ.; எஃப் 1.8-க்கு 6 செ.மீ. மணப்பெண் சற்றே திரும்பி, நாற்பத்தைந்து பாகையில் நிற்கிறாள். கண்ணுக்குக் கண் 63 மி.மீ. இடைவெளி என்று கொண்டால், தூரத்துக் கண் கிட்டத்துக் கண்ணைவிட 44 மி.மீ. பின்னால் இருக்கிறது. ஃபோகஸ் கிட்டத்துக் கண்ணில் இருக்க, கூர்மை ஆழத்தில் ஏறத்தாழப் பாதிதான் அதற்குப் பின்னால் கிடைக்கும் என்பதால், இரண்டும் தெளிய வேண்டுமானால் எஃப் 2.8-க்கு இறங்கித்தான் தீர வேண்டும். 1.2-ம் 1.8-ம் ஏற்றத்தாழ்வு மறந்து ஒரே வரிசையில் குடியிருக்கும் சமத்துவபுரம் அந்த எஃப் 2.8.

ஒரு கண் தெளிந்து மற்றக் கண் மயங்கினால் அதுதானே கலை என்பர் ஒருசாரார். கலைக்கு எதிராக எமக்கு ஒன்றும் இல்லை; ஜிமிக்கிக்காகத்தான் பேசுகிறோம். காது, கண்ணுக்கு ஏறத்தாழ 8 செ.மீ. பின்னால் இருக்கிறது. கண்ணில் ஃபோகஸ் வைத்து எஃப் 1.2-ல் எடுத்தால், ஜிமிக்கியின் ஒவ்வொரு புள்ளியும் 2.7 மி.மீ. வட்டமாக விரிகிறது. அதில் பதித்த கல்லின் அகலம் 2 மி.மீ. என்றால், கற்கள் ஒன்றோடொன்று கலந்து, மஞ்சளும் சிவப்புமாக ஏதோ தொங்குகிறது என்ற அளவில் நின்றுவிடும். எஃப் 2.8-ல் அதே விரிவு 1.2 மி.மீ.; கல் கல்லாகத் தெரியும். பவுன் விலை இருக்கிற இருப்பில் அத்தனை பாடுபட்டு வாங்கிப் போட்ட நகையைக் கரைத்துக் கொடுத்த படக்காரரிடம் பெண்ணின் தாயார் அழகியல் கோட்பாடு பேசப்போவதில்லை. மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் தாய்மாமன் நிலையும் இதுவே. சீர் செய்தவர், முகூர்த்தத்துக்கு முதல்நாளே வந்து பந்தி பார்த்தவர், ஆல்பத்தைப் புரட்டித் தம்மை ஒரு பழுப்புநிற மேகமாகக் காண்பாரானால் அது படக்காரரோடு முடிகிற பிரச்சினை அன்று.

போதுமென்பாருக்கும் மேலான சான்று ஒன்று உண்டு. உலகில் அதிகம் பேரால் பார்க்கப்பட்ட முகப்படங்களுள் ஒன்றை, பாகிஸ்தானில் பெஷாவர் அருகே அகதி முகாம் ஒன்றில் ஸ்டீவ் மெக்கரி 1984-ல் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமி. லென்ஸ் நிக்கான் 105 மி.மீ. எஃப் 2.5. திறப்பு 42 மி.மீ.; போதுமென்பாரின் 47-ஐவிடக்கூடச் சின்னது. அந்தப் படத்தின் பின்னணி பச்சையாக இருக்கிறது என்பதற்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது, ஏனென்றால் அந்தக் கண்களைத் தாண்டி யாரும் பின்னால் போகவில்லை. அது அந்தச் சிறுமியின் கண், அதை லென்ஸ் கணக்கில் எழுதக்கூடாது எனின், அஃதொக்கும். கரைப்பாரும் அவ்வாறே ஒப்புக்கொண்டால் வழக்கு இங்கேயே முடிந்தது. இனி, லென்ஸே எதற்கு, 2016-ல் ஐஃபோன் 7 பிளஸ் தொடங்கி ஃபோனே பின்னணியைக் கரைக்கிறதே என்பார்க்கு நீண்ட விடை வேண்டியதில்லை. அது கணக்குப் போட்டு வெட்டி எடுக்கிற கரைவு. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தில் எது பூ, எது முடி, எது பின்னால் தெரியும் சுவர் என்று அதற்குப் பிடிபடாமல் போகும்போது, பாதிச் சரம் சுவரோடு சேர்ந்து போய்விடும்.

எஞ்சியது ஒரே ஒரு தடை. கரைப்பாரின் வாதங்களுள் யாம் மதிப்பது அது ஒன்றையே. தொழிலுக்கு வந்தவரைக் கல்யாண வீட்டார் எடைபோடுவது படத்தைப் பார்த்து அன்று, படம் பின்னால்தான் வரும். லென்ஸின் முகப்பைப் பார்த்துத்தான் எடைபோடுகிறார்கள். எஃப் 1.2-ன் முகப்பில் 72 மி.மீ. ஃபில்டர் பொருந்தும், குனிந்து பார்க்கும் மாமாவின் முகம் அதில் முழுசாகத் தெரியும். எஃப் 1.8-ன் முகப்போ 58 மி.மீ.; கேமராவோடு இலவசமாக வந்த லென்ஸ் என்றே நினைப்பார்கள். ‘பெரிய கேமரா கொண்டாந்திருக்காங்க’ என்று பந்தியில் ஒருவர் சொல்வதால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு முன்பதிவு கிடைக்குமானால், அந்த 24 மில்லிமீட்டர் விளம்பரச் செலவில் சேரும். ஒளியியலுக்கு அதில் வேலை இல்லை. ஆயினும் அந்தச் செலவையும் குறைக்க வழியுண்டு. 58-க்கு ஒரு பெரிய கறுப்பு ஹூட் மாட்டிவிட்டால், பத்தடி தள்ளி நிற்கும் எந்த மாமாவாலும் அதை 72-லிருந்து பிரித்தறிய முடியாது. ஆனால் கேனான் எஃப் 1.8-ஓடு ஹூட் தருவதில்லை. தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.