காப்புக்காட்டுக் கான்கிரீட்: பரபக்கமும் சுபக்கமும்

செங்கம் வட்டாரத்துக் காப்புக்காடு ஒன்றின் ஓரத்தில், உண்ணிச்செடிப் புதருக்கும் வெப்பாலை மரத்துக்கும் நடுவே, கான்கிரீட்டால் ஆன ஓர் அமைப்பு கேட்பாரற்று நிற்கிறது. ‘அமைப்பு’ என்பது ஆய்வாளனின் முன்ஜாக்கிரதை. கட்டடம் என்று எழுதினால் கதவு எங்கே என்பார்கள். தொட்டி என்றால் தண்ணீர் எங்கே என்பார்கள். மேடை என்றால் எந்தக் கட்சி என்பார்கள்.

நீளம் 8 அடி, அகலம் 5 அடி, உயரம் இடுப்பளவு (இடுப்பு கட்டுரையாளருடையது). மூன்று பக்கம் சுவர்; நான்காவது பக்கம் முழங்கால் உயரத்தில் மனம் மாறி நின்றுவிட்டது. மேலே பாதிக்கு மட்டும் தளம். அந்தத் தளத்தில் ஒரு தலை நுழையும் அளவுக்குச் சதுர ஓட்டை. மேற்கே மூன்று படிகள்; மூன்றாம் படியில் ஏறி நின்றால் இரண்டாம் படியில் தெரிந்த அதே காடுதான் தெரிகிறது. உட்புறம் பூச்சு உண்டு, வெளிப்புறம் இல்லை. குழாய் வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

அறியும் வழிகளை நம் முன்னோர் காட்சி, கருதல், உரை என்று மூன்றாக வகுத்தார்கள். காட்சி மேலே முடிந்தது. இனி உரை. அதாவது, டீக்கடை. சைவ சித்தாந்திகள் பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கத்தை முதலிலும் தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தைப் பின்னும் வைப்பார்கள். டீக்கடையில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும் என்பதால் அவற்றைப் பிரித்தெழுதுவதே இந்த ஆய்வின் பெரிய உழைப்பு.

முதல் கொள்கை, ‘அது ஐதர் அலி காலத்துது’ என்பது. வேறு ஊரில் இதை வாய்ப்பேச்சு என்று தள்ளிவிடலாம். செங்கத்தில் முடியாது. 1767 செப்டம்பரில் ஐதர் அலியின் படையும் கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படையும் மோதியது செங்கம் கணவாயில்தான். இடப்பொருத்தம் பிரமாதம், காலப்பொருத்தம்தான் உதைக்கிறது. ஐதர் அலி மறைந்தது 1782இல். லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824இல். அந்தச் சிமெண்டுக்குள் இரும்பைப் புதைத்துக் காப்புரிமை வாங்கிய மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் வருவதற்கு 1867 ஆகிவிட்டது. அவரும் கோட்டை கட்டவில்லை, செடித்தொட்டி செய்தார். ஐதர் அலி தரப்பினர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதனாலதான் அவரு பாதியில வுட்டுட்டாரு” என்றார்கள்.

இரண்டாம் கொள்கை, ஓய்வுபெற்ற ராணுவத்தார் ஒருவருடையது. இது போர்க்காலப் பதுங்கறையாம். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கரையிறங்கப் போகிறார்கள் என்ற பீதியில் சென்னை காலியானதும், 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையில் குண்டு வீசியதும் வரலாறு. ஆனால் அந்த எதிரி கடற்கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து, தார்ச்சாலையை விட்டு இறங்கி, உண்ணிச்செடி முள்ளில் கிழிபட்டு, இந்த இடுப்புயரச் சுவரை எதிர்கொள்ள வேண்டும். “அவன் அங்கதான் அசந்துபோவான்” என்றார் ராணுவத்தார். ஓட்டை ஏன் மேலே பார்த்து இருக்கிறது என்று கேட்டேன். விமானத்தைச் சுட என்றார். இதற்கு மேல் வாதிடுவது தேசபக்திக்கு ஏற்றதாகப் படவில்லை.

மூன்றாம் கொள்கையைத்தான் கட்டுரையாளர் மெய்யாகவே மதிக்கிறார். உள்ளூர்ப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் இதைக் கல்திட்டையோடு ஒப்பிடுகிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: பெருங்கற்காலத்தார் பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்து, ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டைக்கு இடுதுளை என்று பெயர். நம் அமைப்பிலும் சுவர் உண்டு, மூடுதளம் உண்டு, துளை உண்டு. யாரும் உள்ளே வசித்ததில்லை என்பதிலும் ஒற்றுமை. துளை பக்கத்தில் இல்லாமல் தலையில் இருப்பதைப் பிற்கால வளர்ச்சி என்றும், சிமெண்டைப் பண்பாட்டுத் தொடர்ச்சி என்றும் ஆசிரியர் விளக்குகிறார். விளக்கம் அழகாக இருப்பதால் அதைக் கொல்வதற்குக் கம்பியை அழைக்க வேண்டியிருக்கிறது.

கான்கிரீட் புதிதாக இருக்கும்போது நல்ல காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைத் தின்றுவிட்டால் இரும்பு துருவாகி, பல மடங்கு பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். தென்கிழக்கு மூலையில் அப்படி ஒரு கம்பி எட்டிப் பார்க்கிறது. பழங்கம்பி வழவழப்பான உருண்டையாக இருக்கும். இக்காலத்து டிஎம்டி கம்பியில் விலா எலும்புகள் சாய்ந்திருக்கும். நீளவாட்டில் ஓடும் கோடு நேராகவே போகும். இதிலோ அந்த நீளக்கோடே கம்பியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. குளிர்நிலையில் முறுக்கப்பட்ட கம்பியின் கைரேகை அது. கொத்தனார்கள் டார் கம்பி என்பார்கள். இதற்கு இந்தியத் தரவிதி வகுத்தது 1966இல். 1990களில் டிஎம்டி வந்து இதைக் கடையிலிருந்து விரட்டியது. ஆக, ஐதர் அலி, ஜப்பானியர், பெருங்கற்காலத்தார் மூவரும் ஒரே கம்பியில் விழுந்தார்கள். பானை ஓட்டைக் கொண்டு காலம் கணிக்கிற தொல்லியலாரிடம் இந்தக் கம்பியியலைப் பணிவோடு சமர்ப்பிக்கிறேன்.

ஆண்டு ஒருவாறு கிடைத்தது, மாதம்? இங்கே நாற்பது வருஷம் கரண்டி பிடித்த ஒரு பெரியவர் உதவினார். வந்தவுடன் சுவரைத் தட்டினார், குண்டுநூல் விட்டுப் பார்த்தார், நூலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். காட்டு விலங்குகளுக்கான தண்ணீர்த் தொட்டியோ என்று கேட்டேன்.

“சார், இதுல தண்ணி நிக்கிற எடம் மானுக்கு எட்டாது. மானுக்கு எட்டுற எடத்துல தண்ணி நிக்காது.”

“அப்ப எதுக்குக் கட்டியிருப்பாங்க?”

“அது எனக்குத் தெரியாது சார். ஆனா அவசரத்துல கட்டியிருக்கான்.”

அவர் காட்டியது தளத்தின் மேலிருந்த வெடிப்புகளை. குட்டை குட்டையாக, ஏறக்குறைய ஒரே திசையில் ஓடுபவை. கலவை இறுகுமுன்பே மேல்மட்டத்து ஈரத்தை வெயிலும் அனல் காற்றும் உறிஞ்சினால் இப்படித்தான் வெடிக்கும். தளம் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், அல்லது ஈரச்சாக்கு போர்த்த வேண்டும், ஏழு நாளாவது. இங்கே அது நடக்கவில்லை. பக்கத்தில் தண்ணீர் இல்லாததால்தானே, ஒருவேளை, தண்ணீர்த் தொட்டியே கட்ட வந்தார்கள்! வெயிலும் அவசரமும் சேர்கிற மாதம் எது? சித்திரை, வைகாசியில் வெயில் உண்டு, அவசரம் இல்லை. அரசாங்கத்தின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. எனவே இது பங்குனி முற்பாதிப் படைப்பு என்று கட்டுரையாளர் நிறுவுகிறார். இதுவே சுபக்கம்.

கல்வெட்டுச் சான்று மிகக் குறைவு. உட்சுவரில் வெள்ளையடித்த பட்டையில் நீல எழுத்துகள் உரிந்துபோய், ‘ரூ’ என்ற ஓரெழுத்தும் அதற்கு வெகு தூரம் தள்ளி ஒரு சுழியும் மிஞ்சியுள்ளன. மதிப்பீட்டுத் தொகையின் தலையும் வாலும் இவை என்பது என் வாசிப்பு. ரூபா என்ற பெண்ணின் பெயர் என்பது இளைஞர் தரப்பின் வாசிப்பு. இரண்டிலும் செலவு உண்டு என்பதால் முரண்பாடு பெரிதல்ல.

இன்னொரு சான்று ஈரத் தளத்தின் மேல் நடந்துபோன ஓர் ஆட்டின் குளம்புத் தடம். காப்புக்காட்டில் அனுமதியின்றி ஆடு மேய்ப்பது குற்றம். ஆகவே கட்டுமானத்தை நேரில் கண்ட ஒரே சாட்சியும் சட்டத்துக்குப் புறம்பானது.

இந்த இடத்தில் செங்கத்துக்காரனாக ஒரு சிறு புலம்பல். எங்கள் பகுதி நடுகற்களுக்குப் பேர் போனது, 1972இல் இரா. நாகசாமி அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தார். எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்குக் கோவிவன் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். சுமார் 1400 வருடத்துக்கு முந்தைய நாயின் பெயர் தெரிகிறது. முப்பது, நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தக்காரரின் பெயர் தெரியவில்லை. கடித்ததற்கான சான்று மட்டும் இரு தரப்பிலும் உண்டு.

அப்பெயர் முழுக்க அழிந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. அரசு வேலை உண்மையில் நடப்பது எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில். நீளம், அகலம், உயரம் அதில் ஏறி, கையெழுத்து விழுந்து, பில் பாஸானால் வேலை முடிந்தது. தரையில் நிற்கும் கான்கிரீட் அந்த மூலநூலுக்கு எழுந்த உரை மட்டுமே. மூலம் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கிறது. இந்த அமைப்பின் பயன் யாது என்று கேட்டவர்களெல்லாம் கேள்வியிலேயே வழுக்கினார்கள். கட்டப்படுவதே இதன் பயன். ஒரு பங்குனி மாதம் அந்தப் பயன் குறைவின்றி நிறைவேறியது. இதைக் கைவிடப்பட்டது என்று சொல்வது ஊழியர் விதிகளின்படியும் தவறு. பணி நிறைவு பெற்றது.

மூலநூலைக் காண, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். கேட்டவை இரண்டு: இந்தப் பணியின் பெயர் என்ன, எந்த ஆண்டு நடந்தது. பதில் முப்பது நாள் கெடுவுக்குள்ளேயே வந்தது. பணியின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு விண்ணப்பித்தால் கோரிய தகவல் வழங்கப்படும் என்றிருந்தது. எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தே இருக்கிறது என்ற பௌத்தத் தத்துவவாதி நாகார்ச்சுனர் படித்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

கட்டுரையை முடித்து அச்சுக்கு அனுப்பும் வேளையில் புதிய சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. பின்சுவரில் உண்ணிச்செடியை விலக்கிப் பார்த்தபோது, மஞ்சள் பெயிண்டில் ‘4/9’ என்று எழுதியிருந்தது. ஒன்பதில் நான்காவது என்கிறேன் நான். செப்டம்பர் நாலாம் தேதி என்கிறார் வரலாற்று ஆசிரியர்; சொல்லும்போது முகத்தில் ஒரு பொலிவு. அது தேதியானால் என் பங்குனி ஆட்டம் கண்டுவிடும். எனவே இதே காட்டுக்குள் இன்னும் எட்டு இருந்தே ஆக வேண்டும். கிழக்கே ஓடை தாண்டி, படி மட்டும் உள்ள ஒன்றைப் பார்த்ததாக ஆட்டுக்காரர் ஒருவர் சொல்கிறார். அரிவாளும் அளவு நாடாவும் எடுத்து வைத்தாயிற்று.