பணி நீட்டிப்பு கோரி ஒரு பழைய மூலக்கூறின் மனு

அனுப்புநர்:
இருபது வயது நிறையப்போகும் ஒரு மருந்து மூலக்கூறு,
பளபளக்கும் புதிய அட்டைப்பெட்டி.

பெறுநர்:
காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் அவர்கள்,
காப்புரிமை அலுவலகம்,
கிண்டி, சென்னை.

பொருள்: பிறந்த தேதியைத் திருத்திப் பணி நீட்டிப்பு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3(டி). (பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்பது சட்டம் எனக்கு வகுத்த பணிக்காலம். அதுவரை என்னை ஒரே ஒரு முதலாளிதான் விற்கலாம். அவர் வைத்ததுதான் விலை. அந்தக் காலம் முடியப்போகிறது. அப்புறம் எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் என்னைத் தயாரிக்கலாமாம். இத்தனை வருடம் ஏ.சி. காரில் போனவன், கடைசிக் காலத்தில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதா?

பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியைத் திருத்தித் தரச்சொல்லி நடையாய் நடக்கிறவர்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் குலத்தில் அதற்குச் சற்று நாகரிகமான வழி இருக்கிறது. என்னை ஓர் உப்பாக மாற்றுவார்கள், ஒரு விண்ணப்பம். படிக வடிவத்தை மாற்றுவார்கள், இன்னொரு விண்ணப்பம். காலை மாலை இருவேளை விழுங்கியதை ஒருவேளை மாத்திரையாக்குவார்கள், மேலும் ஒன்று. ஆள் அதே ஆள்தான், சட்டைதான் புதிது. ஆனால் சட்டை தைத்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும் என்பதே எங்கள் பணிவான வேண்டுகோள்.

இதைத் தங்கள் அலுவலகம் மட்டும் ஏனோ புரிந்துகொள்ள மறுக்கிறது. எங்கள் பெரியண்ணன் இமாட்டினிபுக்கு நேர்ந்ததை மறக்க முடியுமா? ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு உயிர் கொடுத்தவர். நோவார்ட்டிஸ் கம்பெனி வீட்டில் அவருக்குக் கிளிவெக் என்று செல்லப்பெயர். ‘பீட்டா படிகம்’ என்ற சலவை வேட்டியைக் கட்டிக்கொண்டு 1998-இல் சென்னையில் விண்ணப்பித்தார். 2006 ஜனவரியில் திருப்பி அனுப்பினீர்கள். முதலாளி, குணம் கூடாமல் சட்டையை மட்டும் மாற்றினால் காப்புரிமை கிடையாது என்னும் அந்த 3(டி) பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2007 ஆகஸ்டில் அங்கும் கைவிரித்துவிட்டார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேருகிறேனே என்று அண்ணன் தரப்பில் மன்றாடினார்கள். சேர்ந்தால் போதாது, நோய் கூடுதலாகக் குணமாக வேண்டும் என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு. முட்டாள்கள் தின வேடிக்கையாக இருக்கும் என்று மறுநாள் பேப்பர் வரும்வரை காத்திருந்தோம். மாதம் 1,20,000 ரூபாய் என்று தலைநிமிர்ந்து நின்றவர், 8,000 - 10,000 ரூபாய் நகல்களோடு ஒரே அலமாரியில் தோள் உரச நிற்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவைப் பாருங்கள், ஐயா. அங்கே முதியோரை எப்படி மதிக்கிறார்கள்! முடக்குவாதத்துக்கான ஹியூமிராவின் முதன்மைக் காப்புரிமை 2016-இலேயே முடிந்தது. ஆனால் அவரைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை முள்வேலியாக நட்டு வைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் 2018-இலேயே மலிவான மாற்றுகள் கடைக்கு வந்துவிட்டன. அமெரிக்காவில் வேலி தாண்டி முதல் ஆள் உள்ளே நுழைய 2023 ஜனவரி ஆயிற்று.

கண் மருந்து ரெஸ்டாசிஸின் கதை இன்னும் அருமை. காப்புரிமையை ரத்துசெய்யக் கோரி வழக்கு வந்ததும், 2017-இல் அதன் முதலாளி அலர்கன் காப்புரிமைகளையெல்லாம் நியூயார்க் மாநிலத்தின் மோஹாக் பழங்குடியினர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பழங்குடியினருக்கு இறையாண்மை உண்டு, அவர்களைக் கேள்வி கேட்க முடியாது என்று கணக்கு. கையில் 1.375 கோடி டாலரும், ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் வரை உரிமைத்தொகையும் என்று பேச்சு. நம்மூரில் ரெய்டு வருமுன் சொத்தை மச்சினன் பெயருக்கு மாற்றுவார்களே, அதை உலகத் தரத்தில் செய்து காட்டினார்கள். நீதிமன்றங்கள் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கற்பனை வளம்!

போட்டியாக வருகிறவருக்கே பணம் கொடுத்து, கொஞ்ச நாள் வராமல் இரும் என்று உட்கார வைக்கும் பண்பும் அங்கே உண்டு. எதிர்க்கடை வைக்க வந்தவருக்கு, கடை திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம். இரண்டு கடைக்காரருக்கும் லாபம். வாங்குகிறவர் வழக்கம்போலக் கொடுத்துக்கொண்டிருப்பார். இத்தகைய ஒப்பந்தங்களைப் போட்டிச் சட்டத்தின் கீழ் விசாரிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருப்பது மட்டும் சிறு வருத்தம்.

எங்கள் உண்மையான குறை வேறு. சட்டத்தின் 25(1) பிரிவில் ஒரு சொல் கிடந்து உறுத்துகிறது: ‘எவரும்’. காப்புரிமை வழங்குமுன் எவரும் ஆட்சேபம் சொல்லலாமாம். எவரும் என்றால் யார்? காசநோய் மருந்து பெடாகுலினுக்கு ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி ‘ஃபியூமரேட்’ உப்புச் சட்டை மாட்டி நீட்டிப்புக் கேட்டபோது, 2019-இல் இரண்டு பெண்கள் ஆட்சேப மனுவோடு வந்து நின்றார்கள். மும்பையின் நந்திதா வெங்கடேசன்; தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய காசநோய் மருந்துகளின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். மருந்து சாப்பிட வேண்டியவர்கள் காப்புரிமைச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தால் எங்கள் பாடு என்னாவது? 2023 மார்ச்சில் மும்பை அலுவலகத்தார் அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

நல்லவேளை, 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தினார்கள். இப்போது ஆட்சேபிக்கக் கட்டணம் உண்டு. ஆட்சேபம் விசாரணைக்கு ஏற்கத்தக்கதா என்று முதலில் கட்டுப்பாட்டாளர் பார்ப்பார். கண்டுபிடிப்பை இந்தியாவில் பயன்படுத்துகிறோமா என்று ஆண்டுதோறும் தந்த அறிக்கையை இனி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும். எங்கள் குலமே நன்றி சொல்கிறது. ஆட்சேபம் நுழையும் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தி, ‘எவரும்’ என்ற இடத்தில் ‘வசதி உள்ளவர் எவரும்’ என்று ஒரு சிறு திருத்தம் செய்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய மூலக்கூறு (புதிய சட்டையில்)

பின்குறிப்பு: இது முதலாளிக்குத் தெரியாமல் எழுதுவது. பெடாகுலின் 2023 ஜூலை 18 அன்று இந்தியாவில் பணி ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே, ஏழை நாடுகளுக்காகக் காசநோய் மருந்து வாங்கும் உலக அமைப்பிடம் அவருடைய ஆறு மாதச் சிகிச்சைக்கான விலை 130 டாலருக்கு இறங்கியது. முந்தைய விலையில் பாதிகூட இல்லை. அந்த விலைக்குக் கொடுத்தவர் வேறு யாருமல்ல, பழைய முதலாளியேதான். ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் ஊருக்கு உழைக்க ஆரம்பித்திருக்கிறார். ஆகவே மேற்படி மனுவைத் தள்ளுபடி செய்துவிடுங்கள், ஐயா. அந்தக் கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள்.