ஏழரை நிமிஷச் சனி

சனி பிடித்தால் ஏழரை வருஷம் என்பார்கள். என்னைப் பிடித்தது ஏழரை நிமிஷச் சனி. ஆனால் தினமும் ராத்திரி தவறாமல் பிடித்தது. அதன் பெயர் மெஸ்ஸர்ஷ்மிட் 163, செல்லமாக கோமெட். பிடித்த இடம் ‘ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்: 1946’ என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு. ஏழரை நிமிஷம் என்பது எரிபொருள் தாங்கும் நேரம்.

அந்த விளையாட்டில் ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் என்று நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் போய் இதைப் பிடித்தேன். கொழுக்கட்டைக்கு இறக்கை வைத்தது போல ஒரு வண்டி. மூக்கு நுனியில் குழந்தைகள் ஓட்டுகிற மாதிரி ஒரு காற்றாடி. அது விமானத்தை இழுக்க இல்லை, கரண்ட் எடுக்க!

அலெக்ஸாண்டர் லிப்பிஷ் என்றொரு ஜெர்மன் மகானுபாவர். விமானத்துக்குப் பின்னால் படுக்கைவாட்டு வால் எதற்கு, தண்டச்செலவு என்று நினைத்தவர். அவருடைய வாலறுந்த விமானத்தில் வால்ட்டர் கம்பெனி ராக்கெட் எஞ்சினைச் சொருகினார்கள். 1941 அக்டோபர் 2 அன்று அதை இன்னொரு விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப்போய் விட, ஹைனி டிட்மார் மணிக்கு 1,004 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துவிட்டார். அதுவரை எந்த மனிதனும் ஆயிரத்தைத் தொட்டதில்லை. ஹிட்லரின் அதிகாரிகளுக்குத் தலைகால் புரியவில்லை. இதையே போருக்கு அனுப்பு என்றார்கள்.

சிக்கல் எரிபொருளில் இருந்தது. டி-ஸ்டாஃப் என்பது 80 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. சி-ஸ்டாஃப் என்பது மெத்தனாலும் ஹைட்ரஸீனும் கலந்த சரக்கு. இரண்டும் சந்தித்தால் தீக்குச்சி தேவையில்லை. சொத்து வழக்கு நடத்தும் பங்காளிகளைப் போல, இரண்டு லாரிகளையும் ஒரே நேரத்தில் விமானத்தின் பக்கம் அண்டவிட மாட்டார்கள். இதில் டி-ஸ்டாஃப் டாங்கிகளை விமானியின் இடுப்புக்கு இரண்டு பக்கமும் வைத்தார்கள். துணி, தோல், மனிதன் என்று எந்தப் பாரபட்சமும் பார்க்காத திரவம் அது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் நிச்சயம் அதில் ஏறப்போகிறவர் இல்லை.

அடுத்தது சக்கரம். தரையை விட்டதும் அதைக் கீழே உதறிவிட வேண்டும். திரும்பி வந்தால் வயிற்றிலுள்ள சறுக்குக் கட்டையில்தான் இறங்க வேண்டும். 1942 அக்டோபர் 30 அன்று ஹன்னா ரைட்ச் ஓட்டியபோது சக்கரம் கழல மறுத்தது. இறங்கும்போது மண்டையும் மூக்கும் உடைந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம்.

முதல் வாரம் நான் செத்ததெல்லாம் தரையில்தான். உயரம் போதாமல் சக்கரத்தை உதறினால், அது துள்ளி எழுந்து அடிக்கும். இரண்டாவது வாரம் ஒருவழியாகக் கிளம்பினேன். மூக்கைத் தூக்கினால் போதும், தீபாவளி ராக்கெட்தான். நிஜ கோமெட் மூன்றரை நிமிஷத்தில் 12,000 மீட்டர் ஏறும். மேலே அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் முந்நூறு சொச்சத்தில் உருண்டுகொண்டிருந்தன. நான் தொள்ளாயிரத்தில் வந்தேன். ஈயளவு தெரிந்தது, குறி வைத்தேன், திரை முழுக்க விமானம், பிறகு வெறும் வானம். நிஜ விமானிகளுக்கும் சுடக் கிடைத்தது இரண்டு மூன்று விநாடிதான். இரண்டு பீரங்கிகளுக்கும் தலா 60 குண்டு. அதில் நான் மேகங்களை நிறையவே சுட்டிருக்கிறேன்.

அதற்குள் டாங்கி காலி. அப்புறம் அது போர் விமானம் இல்லை, பட்டம். எஞ்சின் கிடையாது, இன்னொரு சுற்று வர வழி கிடையாது. லைப்சிக் பக்கத்துப் பிராண்டிஸ் தளத்தில் கோமெட்டுகள் இப்படி மிதந்து இறங்கும் நேரம் அமெரிக்கர்களுக்கு மனப்பாடம். மஸ்டாங்குகள் கொத்த வந்துவிடும். தப்பித் தரையைத் தொட்டாலும், டாங்கியில் மிச்சம் மீதி இருந்து கட்டை பலமாக இடித்தால் வெடிக்கும். இந்த விமானத்தில் கைதேர்வது என்றால் சுடப் பழகுவது அல்ல, ஒரே தடவையில் ஒழுங்காக இறங்கப் பழகுவது. அது புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. “தினமும் கொண்டுபோய் இடிக்கிறதுக்காடா இவ்வளவு கரண்டு?” என்றாள் அம்மா. எனக்காவது மறுபடி தொடங்க ஒரு பட்டன் இருந்தது. பிராண்டிஸ் பையன்களுக்கு அதுவும் இல்லை.

இந்தச் சனியை ஜப்பான் விரும்பிக் கேட்டு வாங்கியது கூடுதல் தமாஷ். வரைபடங்கள் ஐ-29 என்ற நீர்மூழ்கியில் வந்தன. 1943 ஏப்ரலில் மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் நேதாஜியை ஏற்றிக்கொண்டதே, அதே கப்பல்தான். 1944 ஜூலையில் அமெரிக்க நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. ஆனால் சில காகிதங்களோடு ஒரு அதிகாரி முன்னதாகவே சிங்கப்பூரில் இறங்கி விமானமேறியிருந்தார். அதை வைத்தே ‘ஷுசுய்’ என்று ஒன்றைக் கட்டினார்கள். 1945 ஜூலை 7, முதல் ராக்கெட் பயணம். மேலேறும்போதே எஞ்சின் நின்றது. விமானி பிழைக்கவில்லை.

ஜெர்மனி செய்த கோமெட்டுகள் முந்நூறுக்கும் மேல். அவை வீழ்த்தியது ஒன்பது என்பாரும் உண்டு, பதினாறு என்பாரும் உண்டு. என் கணக்கு இரண்டு. முழுசாக இறங்கியது பதினோரு தடவை, அதைத்தான் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். நீங்கள் ஆடப்போவதாக இருந்தால் பேசாமல் மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.