அடுத்த பெஞ்சில் ஜார்க்கண்ட்

கே: எங்கள் ஆலயத்துக்கு ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் சிலர் வருகிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு சபை மூப்பர், திருப்பூர்

ப: முதலில் பெயரைக் கேளுங்கள். 'இந்திக்காரப் பையன்' என்ற பேச்சை அன்றோடு விடுங்கள். காலை ஆராதனை நேரத்தில் பலருக்கு ஷிப்ட் இருக்கும். ஞாயிறு மாலை ஆலயத்தைத் திறந்து விளக்கைப் போட்டுக் கொடுங்கள். பாட்டு அவர்களே பாடிக்கொள்வார்கள்.

கே: பாஷையே புரியாதபோது உறவு எப்படி வரும்?
– வாசகி, கோவை

ப: ஜார்க்கண்டின் உராவோன் மக்கள் பேசும் குருக், திராவிட மொழி. தமிழுக்கு ஒன்றுவிட்ட தங்கை! சபையிலும் சொந்தம் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷன் வழி வந்த சபையும், 1845-இல் ராஞ்சிக்குப் போன ஜெர்மன் மிஷனரிகள் வழி வந்த சபையும் இன்று ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன.

கே: கிறிஸ்மஸுக்குப் பிரியாணி, போர்வை கொடுக்கிறோம். போதாதா?
– வாலிபர் சங்கச் செயலாளர், ஈரோடு

ப: டிசம்பரில் பிரியாணி சரி. ஜனவரியில் கான்ட்ராக்டர் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் அந்தப் பையன் யாரிடம் போவான்? உங்கள் சபையில் ஒரு வக்கீல், ஒரு நர்ஸ், ரிட்டயரான ஒரு வாத்தியார் நிச்சயம் இருப்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு அவர்களை மேஜை போட்டு உட்கார வையுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உரிமை. ஊர் ரேஷன் கார்டைக் காட்டி, கைரேகை வைத்து இங்கேயே அரிசி வாங்கலாம். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஆனால், ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, இ.எஸ்.ஐ. அட்டையில் வேறு மாதிரி இருந்தால், கையில் கட்டோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவன் திரும்பி வரவேண்டியதுதான். கூடப் போய்த் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. போர்வையைவிட அந்த அரைநாள் பெரிய உதவி.

கே: மதம் மாற்றுவதாகச் சொல்ல மாட்டார்களா?
– வாசகர், ஓசூர்

ப: உதவி வாங்க ஆராதனைக்கு வரவேண்டும் என்று நிபந்தனை வைத்தால் சொல்வார்கள், சொல்வதும் நியாயம். வைக்காதீர்கள். நல்ல சமாரியன் அடிபட்டவனுக்கு எண்ணெய் வார்த்தான், ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

கே: அகதிகளுக்காக எந்தச் சபையாவது துணிந்து நின்றிருக்கிறதா?
– மாணவி, மதுரை

ப: நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் பெத்தேல் சபை. ஆராதனை நடக்கும்போது போலீஸ் ஆலயத்துக்குள் நுழையக்கூடாது என்பது அங்கே சட்டம். நாடு கடத்தப்பட இருந்த ஓர் அர்மேனியக் குடும்பத்துக்காக, 2018 அக்டோபர் 26-இல் தொடங்கிய ஆராதனையை 96 நாள் இரவும் பகலும் முடிக்கவே இல்லை. போதகர்கள் முறை வைத்து வந்து நடத்தினார்கள். அரசு இறங்கிவந்த பிறகுதான் ஆசீர்வாதம் சொல்லி முடித்தார்கள்.

கே: இரண்டு வருஷத்தில் போய்விடுகிறவர்களை எதற்கு அங்கத்தினராக்க வேண்டும்?
– கமிட்டி உறுப்பினர், சென்னை

ப: அந்த இரண்டு வருஷத்தில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தால், உடலை ஊருக்கு அனுப்பும் செலவு யாருடையது? அனுப்ப முடியாவிட்டால், அங்கத்தினராக இல்லாதவருக்கு உங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டா? பிணவறை வாசலில் நின்றுகொண்டு விதிப்புத்தகத்தைப் புரட்டாதீர்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்.